சேலையில் வந்த சட்டைக்காரி

நடந்தவை வரிசையாக:

1. செங்கோட்டையில் குடியிருந்த ரயில் டிரைவர் ஒருவர் பங்குனி மாதம் இறந்துபோனார்.

2. அவருடைய மனைவியும் மகளும் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆடி முடியும்வரை தவணை கொடுத்தார்கள்.

3. மகள் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நானும் அங்கே ஆபரேட்டர்.

4. தென்காசியில் இரண்டு இடங்களில் வாடகைக்கு வீடு கேட்டார்கள். இரண்டிலும் இல்லை என்றார்கள்.

5. மேலகரத்தில் மூன்றாவதாக ஒரு வீடு இருந்தது. அதைப் பார்க்கப் போன அன்று மகள் சேலை கட்டிக்கொண்டார். வீடு கிடைக்கவில்லை.

6. அதே வீட்டுக்கு மறுபடியும் போனார். இந்தத் தடவை வழக்கம்போல் கவுன் போட்டிருந்தார். வீடு கிடைத்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் வீடு மாறவில்லை, வீட்டுக்காரர் மாறவில்லை, கேட்டவரும் மாறவில்லை. வரிசை தலைகீழாக இருப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மகளை எக்ஸ்சேஞ்சில் நாங்கள் எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவோம். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. வெளியே தெருவில் அவருக்கு வேறு பெயர். பஸ் ஸ்டாண்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து வரும்போது, கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள், "சட்டைக்காரி போறா பாரு, மணி ஆயிட்டு" என்பார்கள். அவர் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்தவர்களும் உண்டு. அவர்கள் அதை வைதலாகச் சொல்லவில்லை. தாசில்தார் போகிறார், தபால்காரர் போகிறார் என்பதைப் போலச் சொன்னார்கள்.

ஆங்கிலோ இந்தியர் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளைக்கார வம்சமும் நம் ஊர் வம்சமும் கலந்தவர்களுக்குச் சட்டைக்காரர் என்பதுதான் பெயர். மலைக்கு அந்தப் பக்கம், கொல்லத்திலும் புனலூரிலும் மலையாளத்தில் கிட்டத்தட்ட இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அவருடைய தாயார் கொல்லத்துக்காரர்.

சொல் எப்படி வந்தது என்று ஒரு மத்தியான ஷிப்டில் பேச்சு வந்தது. எங்கள் லைன்மேன் அண்ணாச்சி கம்பத்திலிருந்து இறங்கி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மிஸ்தான் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் சட்டை போட்டிருக்கீங்க, நானும் போட்டிருக்கேன். என்னை மட்டும் ஏன் மேன் அப்படிக் கூப்பிடுறாங்க?"

ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் அவர் மேன் என்றுதான் சொல்வார்.

"இது கவர்மெண்டு குடுத்த சட்டை" என்றார் அண்ணாச்சி. "எங்க அய்யா காலத்துல ஆம்பளைக்குத் தோள்ல ஒரு துண்டுதான். கோயிலுக்குப் போனா அதையும் இடுப்புல கட்டணும். அப்பம் ஊருக்குள்ள சட்டை போட்டவன் யாரு? வெள்ளைக்காரன். அவனைப் போயி சட்டைக்காரன்னு சொல்ல முடியுமா? அவன் துரை. துரை கணக்கா சட்டை போட்டிருக்கான், ஆனா துரை இல்ல. அவனை என்னன்னு சொல்லுதது? அதான் சட்டைக்காரன்."

"அப்போ நாங்க துரை இல்லைன்னு அர்த்தம்."

"துரைன்னு அர்த்தமும் இல்ல, நம்மாளுன்னு அர்த்தமும் இல்ல. சட்டைன்னுதான் அர்த்தம். நீங்க எதுக்கு மிஸ் அதைப் போட்டு நோண்டுதீக?"

மிஸ் சிரித்துவிட்டு இணைப்புப் பலகையில் புது அழைப்புக்காக விழுந்த ஒரு ஷட்டரைப் பார்த்து, "நம்பர் ப்ளீஸ்" என்றார்.

அண்ணாச்சி சொன்னதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் வேறு யாரும் இதைவிட நன்றாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இவர்களுக்குப் பல பெயர்கள் இருந்திருக்கின்றன. மிஸ்ஸின் பாட்டனார் காலத்துக் காகிதங்களில் யூரேஷியன் என்று இருக்கிறதாம். அரசியல் சட்டத்தில் ஆங்கிலோ இந்தியன் என்று இருக்கிறது. தகப்பன் வழியில் ஐரோப்பியர் ஒருவர் இருந்திருக்க வேண்டும், தாய் வழி போதாது. மிஸ்ஸின் தகப்பனாருடைய தாத்தா அயர்லாந்திலிருந்து பட்டாளத்தில் வந்தவர். அதனால் மிஸ் கணக்கில் வருகிறார். அவருடைய அக்காள் நாசரேத்து பக்கம் ஒரு தமிழ் வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். அந்த அக்காளின் பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் ஹாஃப் காஸ்ட் என்றும் ஒரு சொல் இருந்திருக்கிறது. "அதைச் சொன்னா மட்டும் டாடி அடிக்கப் போயிடுவார்" என்றார் மிஸ். "சட்டைக்காரன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்த்து என்னப்பான்னு கேப்பார்."

இதை அப்போது ஒரு தகவலாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீடு தென்காசியில் கோயில் பக்கம். கோயில் காரியங்களில் அப்பாவுக்குப் பொறுப்பு உண்டு. வயலும் உண்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மதுரையில் பயிற்சி எடுத்து வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "சட்டைக்காரி மாட்டுன ஹெட்போனையா நீயும் மாட்டுதே?" என்பதுதான். ஆமாம் என்றேன்.  அன்றிலிருந்து டியூட்டி முடிந்து வந்ததும் நான் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. இதை மிஸ்ஸிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

வீடு விஷயம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். மிஸ்ஸின் மாமா சென்னையில் பெரம்பூரில் இருந்தார். தங்கை தனியாக இருக்கக் கூடாது, இருவரும் பெரம்பூருக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடலாம் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார். மிஸ்ஸுக்குப் போக விருப்பமில்லை. வேலையை விட வேண்டும். மாற்றல் கேட்டால் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடி முடிவதற்குள் இந்தப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் பெரம்பூர். அவ்வளவுதான்.

தென்காசியில் கேட்ட இரண்டு வீடுகளிலும் கவுனைப் பார்த்ததுமே பதில் வந்துவிட்டது. ஒரு வீட்டில், மாமிசம் சமைப்பவர்களுக்கு இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவை முழுசாகத் திறக்காமலே, தம்பி வரப்போகிறான் என்றார்கள்.

மேலகரத்து வீடு எங்கள் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் ஆச்சியுடையது. கணவர் இறந்துவிட்டார். மகன்கள் வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தார்கள். பெரிய வீட்டுக்குப் பின்னால் தனி வாசலோடு இரண்டு அறை, ஒரு அடுப்படி, கிணறு. தென்காசி குற்றாலம் பஸ் வாசலிலேயே நிற்கும். அந்த வீடு காலியாக இருக்கிறது என்று நான் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் திருப்பி ஒன்று கேட்டார்.

"உன்கிட்ட பழைய சேலை இருக்கா மேன்?"

"எதுக்கு?"

"கவுன் போட்டுட்டுப் போனா ரெண்டு வார்த்தையில அனுப்பிடுறாங்க. சேலை கட்டிட்டுப் போனா உட்காரவாவது சொல்லுவாங்க."

கணக்கு சரியாகத்தான் பட்டது. மிஸ் மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடக் கறுப்பு. நான்தான் அவரைவிடச் சிவப்பு. தமிழும் செங்கோட்டைத் தமிழ்தான். அடுத்த நாள் என்னுடைய பச்சைச் சுங்கடிச் சேலையை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனேன். பாட்டரிகள் வைத்திருக்கும் பின்னறையில் வைத்துக் கட்டிவிட்டேன். கொசுவம் வைக்கத் தெரியவில்லையே தவிர, கட்டிய பிறகு நடை சரியாகவே இருந்தது. தலையில் பூ வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தால் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்றேன். அது தெரியும் என்றார். பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பொட்டு வேண்டாம். சர்ச் ஃபாதர் பார்த்தா மம்மிகிட்ட சொல்லிடுவார்."

லைன்மேன் அண்ணாச்சி வாசலில் பார்த்துவிட்டு, "யாரு, புது டிரான்ஸ்பரா?" என்று என்னிடம் கேட்டார். மிஸ் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அன்று பஸ்ஸுக்கு நடந்தபோது கடைகளில் யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது நல்லா இருக்கு மேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். வீட்டுக்காக மட்டும் அவர் சேலை கேட்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆச்சி நன்றாகவே வரவேற்றார். பாய் விரித்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். மிஸ் ஒரு சொட்டுச் சிந்தாமல் அண்ணாந்து குடித்தார். பின்கட்டைத் திறந்து காட்டினார் ஆச்சி. கிணற்றடியில் வழுக்கும், பார்த்து நடக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"சொந்த ஊரு எது?"

"அம்மாவுக்குக் கொல்லம். அப்பா செங்கோட்டையில ரயில்வேயில இருந்தாங்க."

"நீங்க வேதமாக்கும்?"

கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதம் என்பார்கள். மிஸ் ஆமாம் என்றார்.

"வேதத்துல எந்த ஆளுக?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். சாதியைக் கேட்கிற இந்தக் கேள்விக்கு நாங்கள் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"கத்தோலிக்" என்றார் மிஸ்.

"அது சரி. எந்த ஆளுகன்னு கேட்டேன்."

"அப்படி ஒண்ணும் இல்லை."

ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டார். சிரித்த முகம் மாறவில்லை. "சரி, மகன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லி அனுப்புதேன்" என்றார். மறுநாளே எங்கள் அம்மாவுக்கு ஆள் வந்தது. பின்கட்டை இப்போதைக்கு விடுகிற யோசனை இல்லையாம்.

மிஸ் சேலையைத் துவைத்து, மடித்து, எக்ஸ்சேஞ்சில் என் அலமாரியில் வைத்தார். "சேலையிலயும் கண்டுபிடிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். பெரம்பூருக்குக் கடிதம் எழுதிவிட்டதாக இரண்டு நாள் கழித்துச் சொன்னார்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்து பங்களாக்களில் மதுரைக்காரர்களும் மதராஸ்காரர்களும் வந்து இறங்கிவிட்டார்கள். ட்ரங்க் கால்கள் நிற்கவே இல்லை. அரிசி மண்டி முதலாளிகள் அருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு விலை கேட்பார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் எனக்கு லீவு கிடைத்தது. அம்மாவும் நானும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். மெயினருவியில் பெண்கள் பக்கத்தில் ஆச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்.

அருவிக்குப் பக்கத்தில் பேசுவதென்றால் கத்த வேண்டும். காதோடு சொல்ல வேண்டியதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"ஏட்டி, அன்னைக்குக் கூட்டிட்டு வந்தியே, அந்தப் பிள்ளை யாரு?" என்று கத்தினார் ஆச்சி.

"என்கூட வேலை பாக்கிறவங்க ஆச்சி!"

"அது தெரியும்ட்டி! நல்ல அடக்கமான பிள்ளை! எந்த ஆளுகன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா! பொட்டு இல்ல, வேதம்னு தெரிஞ்சுபோச்சு! வேதத்துல சேந்தவங்க எல்லாத்துலயிருந்தும்தான் சேந்திருக்காவ! சொல்லுத மாதிரி இருந்தா சொல்லியிருப்பாளா மாட்டாளா? சொல்லலேன்னா என்ன அர்த்தம்? நான் கிணத்தை விட்டுக் குடுத்துட்டு நாளைக்கு ஊருக்கு என்ன பதில் சொல்ல?"

கிணற்றைத் தொடக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த ஆட்களை நினைத்துத்தான் அவர் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"அவங்க அப்படி இல்ல ஆச்சி!"

"பொறவு எப்படி?"

அந்தச் சொல்லை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சுற்றிலும் இருபது முப்பது பெண்கள் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டைக்காரங்க ஆச்சி!"

"என்னது?"

"சட்டைக்காரி! செங்கோட்டை டிரைவர் மகள்!"

நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆச்சி எண்ணெய்க் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சவத்த, அதை முதல்லயே சொல்லுததுக்கு என்னட்டி! உங்க தாத்தா இருக்கையிலேயே ரயில் கார்டு சட்டைக்காரர் குடும்பம் அதே பின்கட்டுல இருந்துச்சே! ஒரு தொந்தரவு கிடையாது! போகும்போது சுவருக்கு வெள்ளையடிச்சுல்லா குடுத்துட்டுப் போனாவ! சட்டைக்காரங்கன்னா அவங்க ஒரு தினுசு! அவங்கள எதுலயும் சேக்க வேண்டாம், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ! சேலையக் கட்டிக்கிட்டு வந்து நின்னா நான் என்னன்னு நினைப்பேன்?"

அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "பாவம், அந்தப் பிள்ளைக்கு யாரு சேலை குடுத்தா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "எது?" என்றாள். பச்சைச் சுங்கடி என்றேன். "அது நல்ல சேலையாச்சே" என்றாள்.

மறுநாள் மிஸ்ஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அருவியில் கத்தியதையும் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார். முடித்ததும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ கவுனைப் பார்த்து வேண்டாம்னு சொன்ன வீட்டுக்காரங்க?"

"அவங்க வேற. ஆச்சி வேற."

"சேலையில என்னை யாருன்னு ஆச்சி நினைச்சாங்களோ, நிஜமாவே அந்த ஆளுங்க வந்திருந்தா?"

"கிடைச்சிருக்காது."

"எதைப் போட்டுட்டு வந்தாலும்?"

"எதைப் போட்டுட்டு வந்தாலும்."

ஒரு ஷட்டர் விழுந்தது. குற்றாலம் பங்களாவிலிருந்து மதுரைக்கு ஒரு கால். அதை அவரே போட்டுக் கொடுத்தார். 

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிஸ்ஸும் தாயாரும் நேராக மேலகரம் வந்தார்கள். நானும் போயிருந்தேன். மிஸ் நீலப் பூப்போட்ட கவுன் போட்டிருந்தார். தாயாரும் கவுன்தான். தலையில் தொப்பி, கையில் குடை. ஆச்சி வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க வாங்க. இப்பம்லா ஆளு தெரியுது!"

மிஸ்ஸின் தாயார் மலையாளம் கலந்த தமிழில், "அன்னைக்கு இவள் சாரி உடுத்து வந்து உங்களைப் பேடிப்பிச்சு போலும்" என்றார். பேடிப்பிப்பது என்றால் பயமுறுத்துவது. ஆச்சிக்கு அது புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். கார்டு குடும்பத்தைத் தாயாருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறார்கள் என்றார். பேச்சு அங்கிருந்து மல்லிகைச் செடிக்குப் போய், கிணற்றுத் தண்ணீருக்குப் போய், மாட்டுக்கறி மட்டும் கூடாது என்பதில் வந்து நின்றது. ஆட்டுக்கறி உண்டு, மாடு தொடுவதில்லை என்றார் தாயார். செங்கோட்டையில் மாட்டுக்கறியில் கட்லெட் செய்து மிஸ் எனக்குக் காட்டியிருக்கிறார். நான் மல்லிகைச் செடியைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஆச்சி மிஸ்ஸிடம், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார்.

"சொல்லுங்க."

"இங்கன இருக்கும்போது சேலை கட்டாண்டாம், கேட்டியா. தெருவுல நாலு பேரு நாலு விதமா நினைப்பாவ. கிணத்தடியில சேலை காஞ்சாக்கூட கேள்வி வரும். கவுன்னா ஒரு கேள்வியும் இல்ல."

"கோயிலுக்குப் போறப்போ? எங்க கோயிலுக்கு?"

"அதுக்கும் கவுனே இருக்கட்டும்."

தாயார், "அதுக்கென்ன, அவளுக்குச் சேலையே கிடையாது" என்றார். மிஸ் தாயாரைப் பார்த்தார், பிறகு பின்கட்டு வாசலைப் பார்த்தார். "சரி" என்றார்.

திரும்பும்போது பஸ் வரவில்லை. நானும் மிஸ்ஸும் தென்காசிக்கு நடந்தோம், தாயார் குடையோடு பின்னால் வந்தார். தூறல் இருந்தது. அவர் நடக்க நடக்கக் கடைகளில் வழக்கம்போல், "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைலா, சட்டைக்காரி எங்கன போறா?" என்று பேசிக்கொண்டார்கள். மிஸ் திரும்பிப் பார்த்து, "வீட்டுக்கு மேன்" என்றார். கேட்டவருக்கு அவர் தமிழில் பதில் சொன்னதே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து நின்றுவிட்டார்.

ஆடி முடிவதற்கு முன்பே குடி வந்துவிட்டார்கள். பெரம்பூர் மாமா வருத்தப்பட்டு ஒரு கடிதம் எழுதினார். பிறகு அவரே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது நிலைமை இது. மிஸ்ஸும் தாயாரும் அதே பின்கட்டில் இருக்கிறார்கள். ஆச்சிக்கு உடம்பு முடியாத நாட்களில் தாயார்தான் கஞ்சி தவிர மற்ற எல்லாம் செய்து கொடுக்கிறார். கஞ்சிக்கு வேறு ஆள் வருகிறது. சட்டைக்காரி வீடு என்று எழுதினாலே தபால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மிஸ் எக்ஸ்சேஞ்சில் சீனியர் ஆகிவிட்டார். நைட் டியூட்டி அன்று மட்டும், மற்றவர்கள் போன பிறகு, பின்னறையில் போய்ப் பச்சைச் சுங்கடியைக் கட்டிக்கொண்டு வந்து பலகை முன்னால் உட்காருகிறார். கொசுவம் வைக்க இப்போது என் உதவி தேவைப்படுவதில்லை. விடிந்ததும் கவுனுக்கு மாறிவிட்டு மேலகரம் பஸ் ஏறுகிறார். சேலை என் அலமாரியில்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.